ஜும்ஆ நேரத்தில் வடிந்த எண்ணெய்

அத்தியாயம் 9

பக்கத்து மேசையில் யாரோ ஒருவனின் போனிலிருந்து றுக்ஸானாவின் குரல் கேட்டது.

“பெரலடியில வேற ஒரு ஆளும் இரிக்கல்ல. கடப்பத் தாண்டாம உள்ளுக்குப் போகவும் ஏலா. அப்ப ஆரு எண்டு நான் வாயால சொல்லவும் வேணுமா?”

சொன்னவள் அவளேதான். நேற்று வெள்ளிக்கிழமை, சாய்ந்தமருது ஷரிபுதீன் ஹாஜியாரின் எண்ணெய் ஆலை வளவுக்குள், ஊர்ச்சனமெல்லாம் கூடி நிற்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். எவனோ ஒரு வேலைவெட்டி இல்லாதவன் அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டான். இன்றைக்குக் கல்முனை பஸாரில் ஜூஸ் குடிக்க வந்தவன் வரைக்கும் அதைப் பார்க்கிறான். றுக்ஸானா முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“என்னத்துக்கு மறையிறீங்க ராத்தா? ஒங்கட குரல் நல்ல எடுப்பாத்தான் இரிக்கி. தேர்தல் கேட்டா நான் ஓட்டோவுல ஸ்பீக்கர் கட்டுறன்,” என்றான் முஸ்தாக்.

முஸ்தாக் அவளுடைய தம்பி. தொழில் ஓட்டோ. காப்புறுதிக் கம்பனியில் நட்ட விசாரணை பார்த்த வேலையை விட்டுவிட்டு அக்காக்காரி சொந்தமாகத் துப்பறியப் புறப்பட்ட நாளில், தானும் உதவியாளன்தான் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன். அவன் வாய்க்குப் பூட்டுப் போட இதுவரை ஊரில் ஒரு கொல்லனும் பிறக்கவில்லை.

“வாய மூடு. எனக்கு ராத்திரி நித்திர இல்ல,” என்றாள் றுக்ஸானா.

“கள்ளனப் பிடிச்ச ஆளுக்கு ஏன் நித்திர இல்ல?”

“அவர் ஒரு வார்த்தையும் கதைக்கல்லடா.”

அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அழகரெத்தினம் வீரமுனைக்காரர். ஹாஜியாரின் ஆலையில் தலை நரைக்கும் மட்டும் வேலை செய்தவர். வெள்ளிக்கிழமை தோறும் ஆலையில் உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போவார்கள். தமிழரான அழகரெத்தினம் ஆலைப் பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வளவு வாசலில், கடப்படியில் கதிரை போட்டுக் காவலுக்கு இருப்பார். தைப்பொங்கலுக்கும் தீமிதிக்கும் அவர் லீவு எடுத்தால் ஹாஜியார் தானே அந்தக் கதிரையில் உட்காருவார். இதை யாரும் பேசித் தீர்மானித்ததில்லை, அது பாட்டுக்கு நடந்து வந்தது.

நேற்று ஜும்ஆவுக்குப் போகுமுன் ஹாஜியார் பின்கொட்டிலில் பெரல் என்று சொல்கிற எண்ணெய்ப் பீப்பாயின் மூடியைத் திறந்து பார்த்தார். பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கென்று நேர்ந்து ஒதுக்கிய தேங்காயெண்ணெய் விளிம்பு வரைக்கும் நிறைந்து கிடந்தது. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பீப்பாய் வெறும் பீப்பாய். மூடி இடுக்கால் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வெளியே வந்து, மதிலுக்கு மேலால் ஏறி, வெளியே குறுகிய ஒழுங்கைப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மீன்பிடிப் படகில் மண்ணெண்ணெய் இழுக்கிற குழாய். அதன் வாயில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வளவுக்குள் இருந்த ஒரே ஆள் அழகரெத்தினம். கணக்கு நேராக இருந்தது, விசாரிக்க வந்த றுக்ஸானா நேராகச் சொன்னாள். கந்தூரி எண்ணெய் என்றதும் சனம் கொதித்தது. அழகரெத்தினம் திறப்பை உருவி மேசையில் வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி எண்ணெய் திரும்பி வராவிட்டால் பொலிசுக்குக் கொடுப்பதென்று முடிவு. அந்த முடிவுக்கு முதல் ஆளாகத் தலையாட்டியவளும் அவள்தான்.

“நீங்க உண்ணாமத் திண்ணாமக் கிடக்காம தேசிக்காய்த் தண்ணியையாவது குடிங்க,” என்று தம்ளரைத் தள்ளினான் முஸ்தாக். தன் விளாம்பழ ஜூஸில் ஸ்ட்ரோவைக் குத்தி இழுத்தான். கன்னம் இரண்டும் குழிவிழுந்து கண் பிதுங்கியதுதான் மிச்சம். கடைப் பொடியனைக் கூப்பிட்டான். “அடேய் தம்பி, இது என்ன ஸ்ட்ரோ? ஊசியா? ராத்தாக்கும் இதே ஸ்ட்ரோதான் தந்தாய், அவட தண்ணி மளமளண்டு போகுது. எனக்கு மஃரிபுக்குத்தான் வாய்க்கு வரும் போல. விளாம்பழத்துக்குத் தடிச்ச ஸ்ட்ரோ தரணும் எண்டு ஒனக்கு ஆரும் சொல்லித் தரல்லியா?”

றுக்ஸானா தம்ளரை அப்படியே மேசையில் வைத்தாள்.

“இப்ப என்ன சொன்ன நீ?”

“ஸ்ட்ரோ சரியில்ல எண்டு சொன்ன. அதுக்கும் என்னக் கள்ளன் எண்டு சொல்லிராதீங்க.”

அந்தப் பகிடி அவளுக்குச் சுள்ளென்று சுட்டது. ஆனால் கோபப்பட நேரமில்லை. “எழும்பு. அங்கால கடையில ரெண்டு போத்தல் தேங்காயெண்ணெய் வாங்கிட்டு வா. கெதியா!”

“எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏன் கூடக் காயுது எண்டு கேப்பாங்க. நான்தான் அந்த எலிப்புழுக்கை,” என்று முனகிக்கொண்டே முஸ்தாக் ஓடினான்.

ஜூஸ் கடைக்குப் பின்னால் ஓட்டோவின் ஆசனத்தில் இரண்டு வெறும் வாளிகள் ஏறின. ஒன்றில் எண்ணெய், ஒன்றில் அதே அளவு தண்ணீர். நேற்றுப் பீப்பாயில் கிடந்த குழாயைச் சாட்சிப் பொருளென்று றுக்ஸானாதான் பையில் வைத்திருந்தாள். ஒரு முனையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு, மறுமுனையைத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

“இழு.”

அவன் ஒரு இழுவை இழுத்தான். தண்ணீர் தொண்டைக்குள் பாய்ந்து மூக்கால் வந்தது. குழாயைக் கீழே விட்டுவிட்டு அவன் இருமி முடிப்பதற்குள் வாளி காலி.

“இப்ப எண்ணெய்.”

முஸ்தாக் இழுத்தான். மறுபடியும் இழுத்தான். முகம் சிவந்து, “யா அல்லாஹ், இது எண்ணெயா கயிறா?” என்றான். கடைசியில் குழாயின் வாயில் எண்ணெய் எட்டிப் பார்த்தது. நூல் பிடித்த மாதிரி மெல்லிசாக இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் வெற்றிலை மடித்துப் போட்டு, மென்று, துப்பியும் விட்டான். வாளியில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

“பாத்தியா? குழாய்க்குள்ள போற எதுவும் சுவர் தொடுற இடத்துல ஒட்டி நிண்டுரும். நடுவால போறதுதான் ஓட்டம். தண்ணி எண்டா நடு சுகமா ஓடும். எண்ணெய் தடிப்பு, ஓரத்துல நிக்கிறது நடுவுல போறதையும் பிடிச்சு இழுக்கும். குழாய் ஒடுங்கினா இன்னும் மோசம். விட்டம் பாதியானா ஓட்டம் பாதியாகும் எண்டுதான் எல்லாரும் நினைக்கிற. இல்ல, பதினாறுல ஒரு பங்குதான் மிஞ்சும்.”

“விளங்குது. கல்முனை மெயின் ரோடு மாதிரி. ஓரத்துல நிப்பாட்டினவன் அசைய மாட்டான், நடுவுல போறவனுக்கும் வழி இல்ல. ரோட்டையும் ஒடுக்கினா பெருநாள்தான்.” முஸ்தாக் வாளியைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். பகிடி முகத்தை விட்டு இறங்கியது. “ராத்தா... ஒரு வாளிக்கே இந்தப் பாடு. ஒரு பெரல் எண்ணெய் இந்தக் குழாயால வடியணும் எண்டா இமாம் இரவு மட்டும் குத்பா ஓதியிரிக்கணுமே!”

“அதுதான்டா. ஜும்ஆ நேரத்துல இந்தக் குழாயால பெரல் காலியாச்சு எண்டா, அதுல போனது எண்ணெய் இல்ல.”

“தண்ணி!”

“தண்ணி. மேலால மட்டும் எண்ணெய் மிதந்திரிக்கி. எண்ணெய் எப்பவும் மேலதானே நிக்கும். மூடியத் தொறந்து பாத்த ஹாஜியார்ட கண்ணுக்கு விளிம்பு வரைக்கும் எண்ணெய். உள்ளுக்குக் கிடந்ததெல்லாம் கிணத்துத் தண்ணி. அது மளமளண்டு ஓடி முடிஞ்ச புறகு, மேல மிதந்த கொஞ்ச எண்ணெய் குழாய்க்கு வந்து சொட்டிக்கிட்டு நிண்டிரிக்கி. நாம அதைப் பாத்துட்டு எண்ணெய்தான் போன எண்டு நம்பிட்டம்.”

“அவ்வளவு தண்ணியும் எங்க போன?”

றுக்ஸானா பதில் சொல்லாமல் குனிந்து தன் அபாயாவின் கீழ் விளிம்பைப் பிடித்துப் பார்த்தாள். வேறு அபாயா. நேற்று உடுத்தியிருந்ததை ராத்திரியே தோய்த்துக் காயப் போட்டுவிட்டாள். ஏன் தோய்த்தாள்? விளிம்பெல்லாம் சேறு. ஆலைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் கழிவுநீர்க் கானைத் தாண்டும்போது பட்ட சேறு. மழை கண்டு மாசக்கணக்காகிப் புல்லெல்லாம் கருகிக் கிடக்கிற காலத்தில், அந்தக் கானில் மட்டும் நீர் ஓடியிருக்கிறது. எந்த வீட்டிலோ உடுப்புத் தோய்த்த தண்ணீர் என்று நினைத்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு தாண்டிப் போனாள். சாட்சி அவள் உடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது, அவள் அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஒரு ஏழை மனுசனைக் கள்ளன் என்றாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இந்தப் பாவம் தன் தலையில்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

“ஓட்டோவ எடு. அஸருக்கு வாங்கு சொல்லப் போறாங்க.”

“நான் என்னத்துக்கு இரிக்கன்? பிடிச்சுக்கங்க,” என்றான் முஸ்தாக். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது மட்டும் அன்றைக்கு எத்தனை பேர் அவனை ஏசினார்களோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

ஆலை வாசலில் சனம் நின்றது. நேற்று நின்ற அதே முகங்கள், வேடிக்கை பார்க்க. கடப்புக்கு வெளியே, வேலியோரத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழகரெத்தினமும் நின்றார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“அண்ணன், நீங்க ஏன் வந்த நீங்க?” என்று றுக்ஸானா தடுமாறினாள்.

“வீட்டுக்குப் பொலிசு வந்தா பிள்ளையள் பயந்திருவாங்க. அதுதான் நானே வந்திட்டன்.”

றுக்ஸானா அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள்.

ஷரிபுதீன் ஹாஜியார் மேசையடியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுசன்தான், ஆனால் ஒரு நாளில் பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். பக்கத்தில் மகன் ஸஜாத், கையில் போன். “பொலிசுக்கு எடுக்கவா வாப்பா? நேரமாகுது,” என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் றுக்ஸானா. “ஹாஜியார், அந்தப் பெரல நேத்தைக்குப் புறகு ஆரும் தொட்டீங்களா?”

“இல்ல புள்ள. சாட்சி, தொட வேணாம் எண்டு நீங்கதானே சொன்ன.”

“அதுட அடியில இரிக்கிற டெப்பத் தொறங்க.”

ஹாஜியார் திறப்பை எடுத்து முன்னால் நடக்க, சனம் பின்னால் நெருக்கியடித்தது. பின்கொட்டிலில், கல்லடுக்கின் மேல், பீப்பாய் அப்படியே நின்றது.

“காலிப் பெரலத் தொறந்து என்ன பாக்கிற?” என்றான் ஸஜாத். “சட்டியில இரிந்தாத்தானே அகப்பையில வரும்?”

“சட்டியில என்ன இரிக்கி எண்டு பாப்பமே மச்சான்,” என்றான் முஸ்தாக்.

நேற்றுக் குழாயின் நுனி பீப்பாயின் அடித்தட்டில் முட்டியிருக்கவில்லை; அதற்குக் கீழே தங்கினது தங்கினபடி கிடந்தது. ஹாஜியார் பூட்டைக் கழற்றி டெப்பைத் திருகினார். ஒரு இருமல் இருமிவிட்டு டெப் திறந்தது. அவர் உள்ளங்கையில் விழுந்தது தண்ணீர். கண்ணாடித் தண்ணீர். அது ஓடிக் குறைந்த பிறகுதான் எண்ணெய் கொஞ்சமாய்ப் படலம் படலமாக வந்தது.

“அல்லாவே! என்ன கூத்து இது?” என்று ஹாஜியார் கையை உதறினார். “மழையும் இல்ல. மூடியும் மூடித்தான் கிடந்த.”

றுக்ஸானா எல்லாருக்கும் கேட்கும்படி நடந்ததை அவிழ்த்துச் சொன்னாள். பிறகு ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க எண்ணெய் பாக்கிற எப்படி?”

“கமுகஞ்சிலாகைக் கம்ப அடி வரைக்கும் விட்டு எடுத்து, நுனிய மூக்குல பிடிச்சு மணந்துதான் பாக்கிற. அடியில தண்ணி நிண்டா அதுல தெரிஞ்சிரும். என்ட வாப்பா காலத்துப் பழக்கம்.”

“நேத்து விட்டீங்களா?”

“இல்ல. குளிச்சு, தொழுகைக்கு உளுச் செஞ்சு, வெள்ளச் சாரன் உடுத்து, அத்தரும் பூசிட்டு நிண்டன். எண்ணெய்க்குள்ள கை வைக்கவா? எட்டிப் பாத்துட்டுப் போனன்.”

“வெள்ளிக்கிழமையில அத்தர் பூசின ஆள் சிலாகையத் தொட மாட்டார் எண்டு தெரிஞ்ச ஒருத்தர்தான் உங்களக் கூப்பிட்டிரிக்கார். ஆரு கூப்பிட்ட? நீங்களாப் போய்ப் பாத்த நீங்களா?”

ஹாஜியாரின் கண் மெல்ல மெல்ல மகன் பக்கம் திரும்பியது.

“நான் பள்ளியில இரிந்தன்!” என்று ஸஜாத் கத்தினான். “எல்லாரும் கண்டாங்க!”

“நானும் கண்டன்,” என்றான் முஸ்தாக். “எல்லாரும் இரிந்து முடிய, ரெண்டாம் குத்பா நேரம் வந்து என்ட காலையும் மிதிச்சிட்டுப் போனாய். வாயில மண்ணெண்ணெய் மணம் வந்த. படகுக் குழாய உறிஞ்சின ஆளுக்குத்தானே அந்த மணம் வரும்? நான் நினைச்சன், பொடியன் புதுசா ஏதோ அத்தர் பாவிக்கான் எண்டு.”

யாரோ சிரித்தார்கள். ஸஜாத் சிரிக்கவில்லை. அவன் கல்லில் குந்தி எல்லாவற்றையும் சொன்னான். கட்டாருக்குப் போக ஆசை, வாப்பா விடமாட்டார், ஏஜெண்டுக்குக் கட்ட வழி தெரியாமல் வாப்பாவின் திறப்புக் கோர்வையை எடுத்து, புதன்கிழமை டெப்பால் எண்ணெயை இறக்கி விற்றுவிட்டான். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. வெறும் பீப்பாயை ஒரு களவாக்கி வைத்தால் தப்பலாம் என்று நினைத்தான். படகுக்காரக் கூட்டாளிகளிடம் குழாய் வாங்கினான். வெள்ளிக்கிழமை வாப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் அதைப் பீப்பாய்க்குள் செருகி மதிலுக்கு மேலால் போட்டு, ஒழுங்கையில் நின்று உறிஞ்சி ஓடவிட்டுப் பள்ளிக்கு ஓடினான். மண்ணெண்ணெய் அதில் பாய்கிற வேகத்தைக் கண்டிருந்தான், எண்ணெயும் அப்படித்தான் என்று எல்லாரும் நம்புவார்கள் என நினைத்தான். நம்பத்தான் செய்தார்கள்.

“அழகரெத்தினம் மாமாவ மாட்ட நான் நினைக்கல்ல, வல்லாஹி,” என்று அழுதான். “வெளிக் கள்ளன் எண்டு சொல்லுவாங்க எண்டுதான் குழாய மதிலால போட்ட. அவரச் சொன்ன நான் இல்ல. இவங்கதான்.”

விரல் றுக்ஸானாவை நோக்கி நீண்டது. பொய் சொல்லிச் சொல்லிக் களைத்த பயல் கடைசியாக ஒரு உண்மையைச் சொன்னான்.

ஹாஜியார் மகனை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கடப்படிக்கு நடந்து போய் அழகரெத்தினத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ரெத்தினம், எனக்கு மாப்புத் தா,” என்றார்.

றுக்ஸானா சனத்துக்கு முன்னால் வந்து நின்றாள். “நேத்து இதே இடத்துல நிண்டு நான் சொன்னது பிழை. இவர் கள்ளன் இல்ல. அவசரப்பட்டு அநியாயம் செஞ்ச நான்தான். எல்லாரும் கேட்டுக்கங்க,” என்றாள். நேற்று உயர்ந்த போன்களில் பாதிகூட இன்று உயரவில்லை. தலை குனிந்துகொண்டு சனம் கலைந்தது. பள்ளியில் அஸருக்கு வாங்கு சொன்னார்கள்.

அழகரெத்தினம் சைக்கிளைத் திருப்பினார். றுக்ஸானா பின்னாலேயே போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் வாயில் வந்தது வேறு.

“அண்ணன், நேத்து நீங்க ஒரு வார்த்தையாவது கதைச்சிரிக்கலாமே.”

அவர் நின்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

“வியாழக்கிழம பின்னேரம் ஸஜாத் தம்பி கிணத்துப் பைப்ப இழுத்துக்கொண்டு பெரலடிக்குப் போனத நான் கண்டன் தங்கச்சி. என்னத்துக்கு எண்டு கேட்டன். கொட்டில் கழுவ எண்டான்.”

“யா அல்லாஹ்! அப்ப ஏன் சொல்லல்ல?”

“நீங்க ஹாஜியாரிட்டக் கேட்டீங்க. தம்பியிட்டக் கேட்டீங்க. ஒழுங்கைக்குள்ள விளையாடின பிள்ளையளிட்டயும் கேட்டீங்க. எனக்கிட்ட ஒண்டும் கேக்கல்ல. ஒரேயடியாக் கள்ளன் எண்டு சொல்லிட்டீங்க. அதுக்குப் புறகு நான் வாயத் திறந்தா, அது கள்ளன்ட கதைதானே?”

அவர் சைக்கிளில் ஏறி வீரமுனைப் பக்கம் மிதித்துப் போனார். வெள்ளைச் சட்டை ஒழுங்கை முடக்கில் திரும்பி மறையும் மட்டும் றுக்ஸானா பார்த்துக்கொண்டு நின்றாள்.

முஸ்தாக் ஓட்டோவைக் கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினான். அவனுக்குக்கூடப் பகிடி ஒன்றும் வரவில்லை. “ஏறுங்க ராத்தா. கேஸ வெண்டுட்டீங்கதானே,” என்றான் தணிந்த குரலில்.

“அந்த மனுசனிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தா, இந்தக் கேஸே இல்லடா தம்பி,” என்றாள் அவள். சொல்லிவிட்டு, நடுத்தெருவில் நின்று அழுதாள்.